இதுவா, அதுவா?

புளியங்கொட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்டு விளையாடாதவர்கள் நம் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். சரியாகச் சொன்னால் கொட்டை அவனுக்கு, தப்பாகச் சொன்னால் அத்தனை கொட்டை நமக்கு. செலவில்லாத விளையாட்டு. மழைக்காலத்தில் திண்ணையை விட்டு இறங்க முடியாத நாட்களில் மணிக்கணக்காக ஓடும். என் அக்கா கையைக் குலுக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளோடு யாரும் ஆட மாட்டோம்.

இது நம் ஊர்த் திண்ணைக்கு மட்டும் சொந்தம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோமாபுரியிலும் இதே ஆட்டம் இருந்திருக்கிறது. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ், சக்கரவர்த்தி தன் மகளுக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறார். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பகடையோ ஒற்றை இரட்டையோ ஆடட்டும் என்று தலைக்கு 250 வெள்ளிக் காசு கொடுத்தாராம். அதே தொகையை மகளுக்கும் அனுப்புகிறேன் என்கிறார். நாம் புளியங்கொட்டை, அவர்கள் வெள்ளிக்காசு. அந்த அகஸ்டஸ் காலத்து வெள்ளிக்காசுகள் நமக்குப் பக்கத்திலேயே, கரூரில் அமராவதி ஆற்றங்கரையில் கிடைத்திருக்கின்றன என்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மிளகுக்கு விலையாக வந்த காசு. அதில் ஒன்றிரண்டாவது கப்பல் ஏறுமுன் ஏதோ ஒரு விருந்தில் ஒற்றை இரட்டையில் கை மாறியிருக்காதா என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கொரு சந்தோஷம்.

பூவா தலையாவுக்கும் இப்படி ஒரு பழைய கதை உண்டு. ரோமானியப் பிள்ளைகள் காசைச் சுண்டிவிட்டு "தலையா, கப்பலா?" என்பார்களாம். அவர்களுடைய பழைய செப்புக்காசில் ஒரு பக்கம் ஜானஸ் என்ற தெய்வத்தின் தலையும், மறுபக்கம் கப்பலின் முகப்பும் இருந்தன. நமக்கு ஏன் 'பூ' என்றால், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாயைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் ஒரு ரூபாய் என்ற எழுத்தைச் சுற்றி ரோஜா, தாமரை என்று பூ வளையம். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1950ல் குடியரசுக் காசு வந்தபோது ராஜா போய் நான்முகச் சிங்கம் வந்தது. பூ போய் ரூபாயில் கோதுமைக் கதிர் வந்தது. ஆனாலும் யாரும் "கதிரா, சிங்கமா?" என்று கேட்கவில்லை. பூவும் தலையும் நாக்கில் தங்கிவிட்டன. 1969ல் கே. பாலசந்தர் எடுத்த படத்துக்கும் 'பூவா தலையா' என்றுதான் பெயர்.

இப்போது எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன்.

காலையில் நடை முடித்துவிட்டு நாங்கள் ஐந்து பேர் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருவது வழக்கம். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர். ஒருவர் எல்.ஐ.சி. நானும் இன்னொருவரும் வங்கி. அவர் வேறு வங்கி, நான் வேறு வங்கி. பேச்சு எப்போதும் சர்க்கரை, பிரஷர், மாத்திரை என்றே போய்க்கொண்டிருந்ததில் ஹெச்.எம். சாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நாளையிலிருந்து மாத்திரை பேரைச் சொல்றவர் டீக்குக் காசு கொடுக்கணும்" என்று சட்டம் போட்டார். அதற்கு மாற்றாக அவரே கண்டுபிடித்ததுதான் 'இதுவா அதுவா'. ஒருவர் இரண்டு பெயர் சொல்வார். மற்றவர்கள் யோசிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்" என்று வழுக்கினால் அன்றைய டீ அவர் கணக்கு. காரணம் கேட்கலாம், ஆனால் பதிலை மாற்றக் கூடாது.

விளையாட்டுத்தான். ஆனால் நான் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் எங்கள் காலத்துச் சரித்திரமே இந்த ஜோடிகளில் அடங்கியிருப்பதாகத் தெரிகிறது. சிலவற்றை எழுதுகிறேன்.

முதல் நாள் கேள்வியே "எம்.கே.டி.யா, சின்னப்பாவா?" இது உண்மையில் எங்கள் அப்பாக்களின் கேள்வி. நாங்கள் பிறக்கும்போது அந்தச் சண்டை முடிந்துவிட்டது. ஆனால் திருச்சியில் இது வெறும் சினிமாக் கேள்வி இல்லை, ஊர்க் கேள்வி. தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தாலும் வளர்ந்தது இங்கே. எஃப்.ஜி. நடேசய்யரின் ரசிக ரஞ்சன சபாவில் ஹரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறிய பையன். பி.யு. சின்னப்பாவின் பெயரிலேயே புதுக்கோட்டை இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர், இரண்டு நடிகர். புதுக்கோட்டையில் பெண் எடுத்த திருச்சி வீடுகளில் மாப்பிள்ளைக்கும் மச்சினனுக்கும் இதை வைத்தே மனஸ்தாபம் வந்ததாக என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பாகவதர் கட்சிக்காரர்களுக்கு ஒரே வார்த்தை போதும்: 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியாகி மூன்று தீபாவளி கண்ட படம். சின்னப்பா கட்சிக்காரர்கள் அதே ஆண்டு வந்த 'ஜகதலப்பிரதாப'னைச் சொல்வார்கள். ஒரே பாட்டில் அவரே பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து பேராக உட்கார்ந்திருப்பார். பாகவதருக்குக் குரல், நிறம், பட்டு ஜிப்பா. சின்னப்பாவுக்குக் குரலோடு கத்திச் சண்டை, சிலம்பம், இரட்டை வேடம். எங்கள் பொன்மலை நண்பர் சொன்னதுதான் சரியான வார்த்தை: "பாகவதர் பாட வந்து நடிச்சாரு, சின்னப்பா நடிக்க வந்து பாடினாரு."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இது விளையாட்டாக இல்லை. ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை. வெளியே வந்தவரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. போட்டிக்கு இருந்த சின்னப்பாவும் 1951 செப்டம்பரில், முப்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார். பாகவதர் 1959 நவம்பரில். இங்கே சங்கிலியாண்டபுரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது என் அப்பா தன்னையறியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இத்தனைக்கும் அவர் சின்னப்பா கட்சி.

எங்கள் தலைமுறைக்கு "எம்.ஜி.ஆரா, சிவாஜியா?" இதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் நீட்டவில்லை. சிறு வயதில் சிவாஜியும் அதே சங்கிலியாண்டபுரத்துப் பிள்ளைதான் என்பதைத் திருச்சிக்காரனாகச் சொல்லிக்கொள்கிறேன். இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் 1954ல் டி.ஆர். ராமண்ணா எடுத்த 'கூண்டுக்கிளி'. அது ஓடவில்லை. ஜனங்களுக்கு இருவரையும் ஒரே திரையில் பார்க்க விருப்பமில்லை, தனித்தனியாகப் பார்த்துச் சண்டை போடத்தான் விருப்பம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

1964 தீபாவளி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒரே நாளில் எம்.ஜி.ஆரின் 'படகோட்டி' கலரில், சிவாஜியின் நூறாவது படமான 'நவராத்திரி' கறுப்பு வெள்ளையில். போதாததற்கு சிவாஜியின் 'முரடன் முத்து'வும் அன்றே. வீட்டில் ஒரு படத்துக்குத்தான் காசு தருவார்கள். எம்.ஜி.ஆர். கட்சியான என் தம்பிக்குக் குழப்பமே இல்லை. நான் சிவாஜி கட்சி. எனக்குத்தான் சிவாஜியா, சிவாஜியா என்ற சோதனை! ஒன்பது வேஷம் என்று கேள்விப்பட்டதால் நவராத்திரி. ஒரே டிக்கெட்டில் ஒன்பது சிவாஜி என்று கணக்குப் போட்டேன். பின்னாளில் வங்கியில் சேர்ந்ததற்கு இதுவே அடையாளம் என்று என் மனைவி கேலி செய்வாள்.

சின்னச் சின்ன ஜோடிகள் ஏராளம். குமுதமா விகடனா? எங்கள் பெஞ்சில் மூன்றுக்கு இரண்டு, விகடன். சிலோன் ரேடியோவா விவித் பாரதியா? இதற்கு ஐந்து பேரும் ஒரே குரலில் சிலோன். 1939லேயே திருச்சிக்கு வானொலி நிலையம் வந்துவிட்டது, ஆனால் 1952க்குப் பிறகு மத்திய மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியில் ஒதுக்கி வைத்தார். அந்த இடைவெளியில் இலங்கை வானொலி நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 1957ல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் அதை எழுப்ப முடியவில்லை. காபியா டீயா என்ற கேள்விக்கு மட்டும் ஹெச்.எம். சார் காபி என்றார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த நாள் அவர் டம்ளரில் மட்டும் சர்க்கரை கம்மி.

"மெயின் லைனா, கார்டு லைனா?" இது பொன்மலை நண்பர் கேட்டது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு ரயில் பாதை. விழுப்புரத்தில் பிரியும். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று கோயில் ஊர்களைத் தொட்டு வருவது பழைய மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே வருவது கார்டு லைன். இது 1920களின் கடைசியில் போட்டது. தூரம் குறைவு, நேரம் மிச்சம். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கார்டு லைன், கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு மெயின் லைன் என்று ஒரு பேச்சு எங்கள் வீட்டில் உண்டு.

எல்லோரும் கார்டு என்றபோது எல்.ஐ.சி.காரர் மட்டும் மெயின் என்றார். காரணம் கேட்டோம். 1956 நவம்பர் 23. அரியலூர்ப் பக்கம் மருதையாற்றில் வெள்ளம், பாலத்தருகே மண் அரித்துப் போயிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அப்படியே ஆற்றில் இறங்கியது. நூற்று நாற்பதுக்கும் மேல் சாவு. ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தது எல்லாப் பாடப்புத்தகத்திலும் வந்துவிட்டது. எல்.ஐ.சி.காரரின் சித்தப்பா அந்த வண்டியில் வந்தவர் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் பாட்டி அதற்குப் பிறகு சாகும் வரை கார்டு லைன் வண்டியில் காலை வைக்கவில்லை, பேரப்பிள்ளைகளையும் வைக்க விடவில்லை. இருபது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். இந்த விஷயம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "பென்ஷனா, பி.எஃப்.பா?"

சிரிப்பு நின்றுவிட்டது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது ஓய்வு பெற்றவர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கலாம்.

நாம் அரசு வேலை என்றாலே பென்ஷன் என்று நினைக்கிறோம். ரயில்வேயில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பெரும்பாலோருக்கு இருந்தது சேமநல நிதிதான். மாதா மாதம் இவர்கள் கொஞ்சம், நிர்வாகம் கொஞ்சம் போடும். ஓய்வு பெறும் அன்று மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 1957 நவம்பரில் ரயில்வேயில் பென்ஷன் திட்டம் வந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களிடம் கேட்டார்கள்: பழையபடி நிதியா, புதிதாகப் பென்ஷனா? எழுதிக் கொடு.

பொன்மலை நண்பரின் அப்பாவும் ஒர்க்‌ஷாப்தான். கொல்லுப்பட்டறையில் இருந்தார். அவர் நிதி என்று எழுதிக் கொடுத்தார். அவர் மட்டுமல்ல, அவருடைய கூட்டாளிகள் நிறையப் பேர் அப்படித்தான். இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு அவர்களைக் குறை சொல்வது எளிது. அன்றைய கணக்கைப் பார்க்க வேண்டும். ஐம்பத்தைந்தில் ஓய்வு. அதற்கப்புறம் எத்தனை வருஷம் இருப்போம் என்று நினைத்தார்கள்? அறுபதைத் தொட்டவர்களுக்கு ஊரே கூடிக் கல்யாணம் செய்து வைத்த காலம் அது. பென்ஷன் என்பது மாதம் கொஞ்சம், அதுவும் இருக்கும் வரை. தான் போன பிறகு மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் என்ற ஏற்பாடு 1964ல்தான் வந்தது. நிதியோ முழுத் தொகை. இரண்டு பெண்ணைக் கட்டிக் கொடுக்கலாம், ஒரு வீடு கட்டலாம். கொல்லுப்பட்டறையில் சுத்தியல் பிடித்தவருக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பணத்தின் மேல் நம்பிக்கை. நானாக இருந்தாலும் 1957ல் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அதன் பிறகு காலம் மாறிவிட்டது. ஆயுசு நீண்டது. விலைவாசி ஏறியது. பென்ஷனோடு பஞ்சப்படி சேர்ந்தது, குடும்ப ஓய்வூதியம் சேர்ந்தது, ஒவ்வொரு சம்பளக் கமிஷனிலும் ஏதாவது ஏறியது. நிதி வாங்கியவர்களின் வீடு நின்றது, பணம் நிற்கவில்லை. நண்பரின் அப்பா 1981ல் தவறினார். அம்மா தனி ஆள்.

1982 டிசம்பர் 17ஆம் தேதியைப் பென்ஷனர்கள் தினமாக நாம் கொண்டாடுகிறோம். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்றுதான் பென்ஷன் என்பது எஜமான் போடும் பிச்சையல்ல, உழைத்தவனின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் ஓய்வு பெற்றவர், பின்னால் பெற்றவர் என்று பாகுபடுத்தக் கூடாது என்றது. அதைப் பார்த்து, நிதி வாங்கிய ரயில்வேக்காரர்களும் தங்களையும் பென்ஷனில் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். கிருஷேன் குமார் வழக்கு. 1990 ஜூலையில் தீர்ப்பு. அவர்களும் பென்ஷனர்களும் ஒரே வகுப்பு அல்ல, பலமுறை வாய்ப்புக் கொடுத்தபோது வராதவர்கள் இப்போது கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்று வரை ஜீரணமாகவில்லை. வாய்ப்பு வந்தபோது கையெழுத்துப் போட்டது கணவன். இல்லாமல் தவித்தது மனைவி. அவளை யாரும் எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை.

இடையில் அரசு ஒன்று செய்தது. நிதி வாங்கி ஓய்வு பெற்றவர்களின் விதவைகளுக்குக் கருணைத் தொகை என்று 1988ல் ஆணை வந்தது. மாதம் 150 ரூபாய். நண்பரின் அம்மா அதை வாங்கினார். முதல் மாதப் பணத்தில் அவர் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாயும் தனக்கு ஒரு பாக்கெட் மூக்குப்பொடியும் வாங்கியதாக நண்பர் சொல்லும்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "ஏழு வருஷமா வெத்தல பாக்குக்குக்கூட எங்கிட்டதான் சார் கை நீட்டினாங்க. அன்னிக்கு எம் புள்ளைங்களுக்கு அவங்க காசுல வாங்கிக் கொடுத்தாங்க."

எங்கள் வங்கிகளுக்கு இந்தக் கேள்வி 1995ல் வந்தது. 1993ல் ஒப்பந்தம், 1995 செப்டம்பரில் விதிமுறைகள். 120 நாள் கெடு. பென்ஷன் வேண்டுமானால் வங்கி உங்கள் கணக்கில் போட்ட பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த நாலு மாதமும் கிளையில் வேலையா நடந்தது? சாப்பாட்டு நேரம் முழுக்கக் கால்குலேட்டர். அப்போது வைப்பு நிதிக்குப் பன்னிரண்டு சதவீதம் வட்டி. பத்து லட்சம் கிடைத்தால் வருஷம் ஒரு லட்சத்து இருபதாயிரம், மாதம் பத்தாயிரம், அசலும் பிள்ளைகளுக்கு மிச்சம். பென்ஷன் இந்தளவு வருமா என்பது ஒரு கட்சி. வேலைநிறுத்தம் செய்தால் முந்தைய சர்வீஸ் போய்விடும் என்றொரு விதி இருந்தது. அந்தப் பயம் வேறு. கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர்கள்தான் அதிகமாக பி.எஃப். பக்கம் போனார்கள் என்பது என் அனுபவம்.

நான் பென்ஷன் எழுதினேன். பெரிய கணக்கு எதுவும் போடவில்லை. என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் போன பிறகு ஒவ்வொரு மாதமும் என் அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்கிவந்து, எண்ணி, அரிசிப் பானைக்குள் வைக்கும்போது அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தவன் நான். அது போதுமானதாக இருந்தது.

கால்குலேட்டரில் யாரும் போடாத ஒன்று நடந்தது. வட்டி இறங்கியது. 2003, 2004 வாக்கில் வைப்பு நிதி வட்டி ஆறு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. மாதம் பத்தாயிரம் என்ற கணக்கு ஐயாயிரம் ஆயிற்று. பெஞ்சில் இருக்கும் இன்னொரு வங்கி நண்பர் 2003ல்தான் ஓய்வு பெற்றார், பி.எஃப். தொகையோடு. பாதி மகன் படிப்புக்குப் போனது. மீதி வட்டியில் குடும்பம். டீக்கடைக்கு வருவதையே அவர் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார். முழங்கால் வலி என்று சொன்னார். நாங்களும் நம்பினோம்.

2010 ஏப்ரலில் இரண்டாவது வாய்ப்பு வந்தது. ரயில்வேக்காரர்களுக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைத்தது. சங்கங்கள் பதினைந்து வருஷம் விடாமல் கேட்டதன் பலன். ஆனால் சும்மா இல்லை. ஓய்வு பெறும்போது வாங்கிய வங்கியின் பங்கையும் வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு மேல் அந்தத் தொகையில் 56 சதவீதமும் கட்ட வேண்டும். செலவழித்த பணத்தை ஒன்றரை மடங்காகத் திருப்பிக் கேட்டால் அறுபத்தேழு வயதுக்காரர் எங்கே போவார்? அந்த நண்பர் வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தார். அவர் மருமகள் சம்மதிக்கவில்லை. தன் நகையைக் கொண்டுபோய் அடகு வைத்துப் பணத்தோடு வந்து நின்றாள். "மாமா, நகை பெட்டியிலதான் கிடக்குது. அத்தைக்கு மாசா மாசம் வரட்டும்" என்றாளாம். நண்பர் இதைச் சொல்லி முடித்ததும் ஹெச்.எம். சார் எழுந்து போய் எல்லோருடைய டீக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு யாரும் மாத்திரை பேரைச் சொல்லியிருக்கவில்லை.

வங்கி ஓய்வூதியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தனிக்கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2003க்குப் பிறகு தமிழக அரசிலும், 2004லிருந்து மத்திய அரசிலும், 2010 ஏப்ரலிலிருந்து வங்கிகளிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நம் பென்ஷன் கிடையாது. பங்களிப்புத் திட்டம்தான். கிட்டத்தட்ட பொன்மலை நண்பரின் அப்பா எழுதிக் கொடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள், யாரும் கேட்காமலே. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் மறுபடி ஒரு 'இதுவா அதுவா' வந்தது. என்.பி.எஸ்.ஸிலேயே இருக்கலாம், இல்லை யூ.பி.எஸ். என்ற புதுத் திட்டத்துக்கு மாறலாம். இருபத்தைந்து வருஷ சர்வீஸுக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி உறுதி என்றார்கள்.

பொன்மலை நண்பரின் மகன் 2008ல் ரயில்வேயில் சேர்ந்தவன். அவனும் லேப்டாப்பில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். பங்குச்சந்தை பன்னிரண்டு சதவீதம் கொடுத்தால் இவ்வளவு, பத்து கொடுத்தால் இவ்வளவு என்று. அப்பாவிடம் காட்டினான். நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு, அரசு வெளியிட்ட அறிவிப்பை எடுத்து வரச் சொன்னார். ஊழியருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கு அறுபது சதவீதம் என்று போட்டிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார். "அம்மா, அவன் கையெழுத்துப் போடறதுக்கு முந்தி நீ ஒரு தடவ இதப் படி" என்றார்.